துவர்ப்பும் பக்குவமும்

மாணவர்களே, மதுவின் புகழைப் பாடவோ, அதை அருந்துமாறு எவரையும் தூண்டவோ நான் வரவில்லை. ஆயினும், பிரெஞ்சு மக்கள் தம் நாட்டுச் செந்நிறத் திராட்சை மதுவை ஏன் இத்துணைப் போற்றுகின்றனர் என்பது அறியத்தக்க செய்தி. அதில் நிலவியலும் உண்டு, வேதியியலும் உண்டு. மெடாக் என்னும் இடத்து மதுவையே எடுத்துக்கொள்வோம்.

பிரான்சின் தென்மேற்கில் பொர்தோ நகரம் இருக்கிறது. அதற்கு வடக்கே, ஜிரோந்துக் கழிமுகத்தின் இடக்கரையில் நீண்டு கிடப்பதே மெடாக். அங்குள்ள சிறந்த தோட்டங்களின் மண்ணைக் கண்டால் உழவர் எவரும் முகம் சுளிப்பர். எங்கும் சரளைக்கல், கோதுமை செழிக்காத வறிய நிலம். ஆனால் அதில் மழைநீர் தேங்குவதில்லை. பகலில் ஏற்ற வெப்பத்தைக் கற்கள் இரவில் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. கொடியின் காய்ப்புக் குறைகிறது. கனியின் சாரம் மிகுகிறது. இத்தோட்டங்களில் முதன்மை பெறுவது காபர்னே சோவிஞ்ஞோன் என்னும் இனம். சிறிய கனி, தடித்த தோல்.

அந்தத் தோலிலேதான் செய்தி இருக்கிறது. இக்கனியின் சாற்றுக்குத் தனியே செந்நிறம் கிடையாது. தோலோடு சேர்த்துப் புளிக்க வைக்கும்போதுதான் நிறம் இறங்குகிறது. அதனுடன் டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் இறங்குகிறது. பாக்கிலும் கடுக்காயிலும், தோல் பதனிட உதவும் ஆவாரம்பட்டையிலும் இருப்பது இதன் இனமே. அது உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு பிணைந்து, நாவின் வழவழப்பைப் போக்கிவிடும். ஆகவே, சிறந்த மெடாக் மது இளமையில் கடுமையானது. அறுசுவையுள் துவர்ப்பையும் ஒன்றாக வைத்த தமிழர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை!

பின்னர், 225 லிட்டர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாய்களில் ஏறத்தாழ 18 மாதம். அதன்பின் புட்டியில் 10 அல்லது 20 ஆண்டுகள். இக்காலத்தில் டானினும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று பிணைகின்றன. ஒரு பகுதி வண்டலாகப் படிகிறது. ஊதா கலந்த சிவப்பு, செங்கல் நிறமாகிறது. துவர்ப்பு மென்மையுறுகிறது. பழத்தின் மணம் அடங்கி, தேவதாருவும் புகையிலையும் போன்ற மணங்கள் எழுகின்றன என்பர் சுவைஞர். தெளிந்த மதுவுக்குத் தமிழில் தேறல் என்று பெயர். இதற்கு அதனினும் பொருத்தமான சொல்லை நான் அறியேன்.

1855ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சிக்காகப் பொர்தோத் தரகர்கள் இம்மதுக்களை ஐந்து தரமாக வகுத்தனர். அவர்கள் கொண்ட அளவுகோல் பெரும்பாலும் விலையே. விலை சுவைக்குச் சான்றாகுமோ என்பது என் ஐயம். பட்டியலோ இன்றும் நிற்கிறது.

அதன்பின் சில ஆண்டுகளிலேயே பேரிடர் வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பைலாக்சரா என்னும் சிறு பூச்சி, வேரை உறிஞ்சிக் கொடிகளை மாய்த்தது. 1868இல் பிளான்ஷோன் முதலிய அறிஞர் அதனைக் கண்டறிந்தனர். அமெரிக்கக் கொடியின் வேர் அப்பூச்சியைத் தாங்கவல்லது. அதன்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டலாம் என்றனர் சிலர். அயல் வேரில் வளர்ந்தால் மதுவின் இயல்பே கெடாதோ என்று தோட்டத்தார் பலர் அஞ்சினர். மண்ணுக்குள் நச்சு மருந்தைச் செலுத்திக் காலம் கடத்தினர். முடிவில் ஒட்டே வென்றது. இன்று மெடாக்கின் புகழ்பெற்ற கொடிகளுள் ஏறக்குறைய அனைத்தும் அமெரிக்க வேரின்மேல் நிற்பவை. கனி காபர்னேதான், நிலமும் அதே சரளைதான்.