விளையாட்டு பாதியில் நின்றால் யார் குற்றவாளி?

தஞ்சோங் மாலிமில் படிவம் 5 படிக்கும் என் அக்காள் மகன், பாகம் பாகமாக வாங்கி, பள்ளி விடுமுறையில் சொந்தமாக ஒரு கணினியைப் பூட்டினான். விசிறிகள் சுழன்றன, விண்டோஸ் திறந்தது. விளையாட்டைத் தொடங்கியதும்தான் வம்பு. ‘ஷேடர்கள் தயாராகின்றன’ என்ற கட்டத்தைத் தாண்டாமல் அது மூடிக்கொண்டது. ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்றது திரை.

அவனது கிராபிக்ஸ் கார்டில் 12 ஜிகாபைட் நினைவகம் உண்டு. அந்த விளையாட்டுக்கு அது தாராளம். ஆனாலும் கார்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, வேறொன்று வாங்க அப்பாவிடம் பணம் கேட்டான். “கடையில் பூட்டியதை வாங்கு என்று அப்போதே சொன்னேனே” என்றார் அவர்.

திரை சொன்னதை அப்படியே நம்பலாமா? விளையாட்டின் கோப்புகள் வட்டில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அவற்றை விரித்துக் கொடுப்பது பெரும்பாலும் செயலியின் வேலை. செயலியோ, ‘ரேம்’ என்ற தற்காலிக நினைவகமோ ஒரே ஒரு பிட்டைப் பிழையாகக் கொடுத்தாலும் விரிக்கும் வேலை தோற்றுப்போகும். சில விளையாட்டுகள் அந்தத் தோல்வியை ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்று தவறாக அறிவிக்கின்றன. இணையம் பார்க்கும்போது செயலிக்கு இவ்வளவு பளு இல்லை. அதனால் அதுவரை குறை வெளியே தெரியாது.

இதே அறிவிப்பு உலகம் முழுவதும் பலரைக் கார்டின் மேல் சந்தேகப்பட வைத்தது. உண்மையில் பழுது, இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சிலவற்றில் இருந்தது. செயலிக்குள் இருக்கும் மைக்ரோகோட் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டதும் ஒரு காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. கூடுதல் அழுத்தமும் வெப்பமும் சேர்ந்து, கடிகாரத் துடிப்பைக் கொண்டுசெல்லும் நுண்சுற்றை மெல்ல முதுமையாக்கின. ஆகஸ்டில் வந்த திருத்தம், 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி தடுத்தது. ஏற்கெனவே தேய்ந்த சில்லுகளை எந்தத் திருத்தமும் குணமாக்காது, மாற்றத்தான் வேண்டும். எனவே உத்தரவாதம் மேலும் 2 ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. (அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தொடங்கிய முதல் தொழிற்சாலை, 1972இல் நம் பினாங்கில்தான்!)

மருமகனிடம் இருந்தது அந்த வகைச் செயலி அல்ல. ஆகவே அடுத்த சந்தேகம் ரேம். எடுத்ததையெல்லாம் ஒரே நாளில் மாற்றத் துடித்தான். “ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, நோட்டில் எழுது” என்றேன். இரண்டை மாற்றிச் சரியாகிவிட்டால், எது சரிசெய்தது என்று எப்படித் தெரியும்?

பயாஸில் ‘எக்ஸ்எம்பி’ என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது. ரேமை அதன் அடிப்படை வேகத்துக்கு மேல் ஓட்டும் வசதி அது. அதை அணைத்ததும் விளையாட்டு அரைமணி நேரம் ஓடியது, பிறகு நின்றது. பழுது குறைந்தது, தீரவில்லை. அன்றிரவு மெம்டெஸ்ட்86 என்ற சோதனை நிரலை ஓடவிட்டான். காலையில் திரையில் சிவப்பு வரிகள். கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, இரண்டு ரேம் பட்டைகளையும் ஒரே துளையில் மாற்றி மாற்றிப் பொருத்திச் சோதித்தான். ஒன்று சுத்தம். மற்றது எத்தனை முறை சோதித்தாலும் பிழை.

நோட்டையும் சிவப்பு வரிகளின் படத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். இரண்டு பட்டைகளும் சேர்த்து விற்ற ஜோடி என்பதால், இரண்டையும் உத்தரவாதத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். செலவு, போய்வந்த பேருந்துக் கட்டணம் மட்டும். கார்டு அதே பழைய கார்டுதான்.