படபடப்பின் பூர்வகதை

சித்தூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் ஒரு பெண், நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது, இப்பொழுதே பிராணன் போய்விடும் என்று துடிக்கிறபோது, வீட்டார் அவளைத் திருப்பதிக்கோ வேலூருக்கோ அழைத்துக்கொண்டு ஓடுவதும், அங்கே இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து ஹிருதயத்தில் கோளாறு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புவதும், ஊர் திரும்பியபின் காற்றுச் சேஷ்டை என்று யாரோ தாயத்துக் கட்டுவதும் அந்தப் பிரதேசத்துக்குப் புதியவை அல்ல. இரு பாஷையும் புழங்கும் அந்த ஜனங்கள் தெலுங்கில் ‘குண்டெ தட’ என்றும் தமிழில் ‘படபடப்பு’ என்றும் சொல்லுகிற இந்த உபாதை, காரணமின்றித் திரும்பத் திரும்ப வந்து, மறுபடி எப்பொழுது வருமோ என்ற பயமே நித்திய வாழ்வாகிவிடுமானால், வைத்திய சாஸ்திரம் அதற்குப் ‘பேனிக் டிஸார்டர்’ என்று பெயரிடுகிறது. 1980-ஆம் ஆண்டில்தான் அமெரிக்க மனநல வைத்தியர்களின் கையேடு இதைத் தனி நோயாக ஏற்றது.

ஆண்களைக் காட்டிலும் ஏறக்குறைய இரு மடங்கு பெண்களுக்கு இது வருகிறது. பரம்பரையும் சரீர இயல்பும் காரணங்களாகலாம். ஆனால் பால்யத்தில் அடியும் அவமானமும் பாலியல் துன்பமும் பட்டவர்களிடையே இந்நோய் அதிகம் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளை விசாரித்து 2007-ல் வெளியிட்ட அறிக்கையில், 53.22 சதவீதத்தினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்பம் அடைந்ததாகச் சொன்னார்கள். அது மிகுந்திருந்த மாநிலங்களில் ஆந்திரமும் ஒன்று. பையன்களும் அதில் குறையவில்லை. ஆகவே பெண்களுக்கு இரு மடங்காவதற்கு அத்துயரம் ஒன்றே காரணம் என்று சொல்ல நான் துணியேன். ஆயினும் மானம் போய்விடும் என்று பெண்ணின் வாயைத்தான் நம் வீடுகள் முதலில் அடைக்கின்றன.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் இன்றைக்கு என்ன நேருமோ என்று நடுங்கி வளர்ந்த குழந்தையின் மூளை, ஆபத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும் பழக்கத்தில் ஊறிவிடுகிறது. கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து, திருமலையில் தரிசனத்துக்காகக் கதவு சாத்திய கூடத்தில் கூட்டத்தோடு அவள் காத்திருக்கையில், சற்றே மூச்சு வேகப்பட்டாலும், அந்தப் பழைய காவல்காரன் விழித்துக்கொண்டு கூக்குரலிடுகிறான். அச்சம் பெருகப் படபடப்பும், படபடப்புப் பெருக அச்சமும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சம் ஏறி, பிறகு தானே தணிகிற இது உயிரைப் பறிப்பதில்லை. என்றாலும் முதல் முறை நெஞ்சு வலித்தால் வைத்தியர் பார்த்தே ஆகவேண்டும்.

இது குணமாகக்கூடியது. மருந்துகள் உண்டு, படபடப்பை வேண்டுமென்றே சிறிதளவு வரவழைத்து, அதனால் கேடில்லை என்று சரீரத்துக்கே கற்பிக்கும் பேச்சுச் சிகிச்சையும் உண்டு. திருப்பதி ரூயா ஆஸ்பத்திரியிலும், வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்திலும் இதற்கு வைத்தியர்கள் இருக்கிறார்கள். பழைய கதையை வற்புறுத்திப் பிடுங்கலாகாது. அவள் தானாகச் சொல்லத் தொடங்கும் நாளில் நம்புகிறதற்கு ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

ஆகையால் மாமியாரே, கணவரே, ‘நடிக்கிறாள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். 14416 என்ற எண்ணில், தமிழிலும் தெலுங்கிலும், கட்டணமின்றி இரவு பகலாகப் பேச ஆள் இருக்கிறார்கள்.