குடிக்கூலி

‘வீடு’ என்னும் சொல் ‘விடு’ என்னும் அடியிற் பிறந்தது. பற்றுக்களை விட்டு எய்துவது வீடுபேறு; பகலெல்லாம் உழைத்தவன் தன் களைப்பை விட்டு இளைப்பாறும் இடமும் வீடே. ஆயின், கொழும்பிலே வாடகைக்கு இடம் தேடும் ஏழைக்கு இரண்டாவது வீடு முதலாவதினும் அரிதாய் இருக்கின்றது.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் தலைநகரில் எழுதுவினைஞர் வேலை பெற்று, மனைவியோடும் கைக்குழந்தையோடும் குடியேற இடம் தேடினார். கொட்டாஞ்சேனையில் ஓர் அறைக்கு ஓராண்டு வாடகையை முற்பணமாகக் கேட்டனர். வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டின் வாடகையோ அவர் சம்பளம் முழுவதையும் விழுங்குவதாயிருந்தது. ஈற்றில் மனைவியையும் மகவையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, நால்வர் உறையும் அறையொன்றில் தாம் ஐந்தாமவராயினார். “ஐயா, வேலை கிடைத்தது, குடும்பம் பிரிந்தது” என அவர் எழுதிய வரி என் நெஞ்சை விட்டகலவில்லை.

இது சட்டமின்மையால் வந்த குறையா? அன்று. 1942 இலேயே வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1972 இன் வாடகைச் சட்டம் குடியிருப்போரை எளிதில் எழுப்பவொண்ணாதபடி காத்தது. 1973 இன் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வரம்புக்கு மிஞ்சி வைத்திருந்த வீடுகளை அங்கே குடியிருந்தோர் வாங்க வழி செய்தது. இவை பலருக்கு நிழல் தந்தமையை மறுத்தல் தகாது. ஆயினும் அந்நிழல் முன்னரே உள்ளே இருந்தவர்க்கே உரியதாயிற்று. வாடகைக்கென வீடு கட்டுவதிற் பொருளுடையார் ஊக்கம் இழந்தனர். புதிதாய் வருவோனுக்குக் கதவு திறக்கவில்லை. உள்ளோரைக் காத்தல் வேறு. இல்லோரைக் குடியேற்றுதல் வேறு.

கட்டுப்பாட்டோடு கட்டடமும் வேண்டும் என்பதற்கு வியன்னா நகர் சான்றாகும். அங்கும் 1917 முதல் வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. அங்கும் தனியார் வீடு கட்டுதல் தளர்ந்தது. நகராட்சி வாளாவிருக்கவில்லை. 1923 இல் வீடமைப்பு வரி விதித்தது. மாளிகைகளுக்கு மிகுதியாகவும் சிறு வீடுகளுக்குக் குறைவாகவும் அவ்வரி அமைந்தது. அதன் பயனாக 1934 க்குள் 60,000 க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 1930 இல் திறக்கப்பட்ட, கார்ல் மார்க்சின் பெயர் தாங்கிய பெருமனை ஒன்றில் மாத்திரம் 1,382 வீடுகள். சலவைக்கூடமும் பாலர் பள்ளியும் நூலகமும் உடன் அமைந்தன. இத்தகைய வீடுகளை அந்நகராட்சி இன்றும் வாடகைக்கு விட்டு வருகின்றது.

நம் தலைநகரிலும் உழைப்போர் வருவாய்க்கு ஏற்ற வீடுகளை, விற்பனைக்கன்றி வாடகைக்கென்றே, அரசும் மாநகரசபையும் கட்டுதல் வேண்டும். வீட்டு வாடகைக்குத் தமிழில் வழங்கும் பழம்பெயர் ‘குடிக்கூலி’. குடி ஒன்றுகூடி வாழ்வதற்காகக் கொடுப்பது அக்கூலி. அதுவே ஒரு குடியைப் பிரிக்குமாயின், பிழை கொடுக்க இயலாதவனிடத்தில் இல்லை.