விற்கும் வீட்டிற்கு விலை கூறுதல்

மீனுக்கும் காய்கறிக்கும் விலை நாள்தோறும் பலர் அறியப் பேசப்படுகின்றது. காலையில் கூறிய விலை பொருந்தாதாயின் மாலையில் மாற்றிக்கொள்ளலாம். வீடோ நம்மிற் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு முறையே விற்கும் பொருள். அதற்குக் குறைந்த விலை கூறிவிட்டால், ஒரு தலைமுறையின் தேட்டத்தில் ஒரு பங்கு ஒரே கையெழுத்தோடு போய்விடும். மிகுந்த விலை கூறினாலோ, வாங்க வருவோர் வாயிலோடு திரும்புவர். கடன் தீர்ப்பதற்கும் பிள்ளைகளின் படிப்பிற்கும் வேண்டிய பணம் வேண்டிய காலத்தில் வந்து சேராது. ஆகவே, கூறும் விலையை எவ்வாறு அறுதியிடுவது என்பதை, மட்டக்களப்பை அடுத்த கல்லடியிலுள்ள வீடொன்றை மனத்திற் கொண்டு ஆராய்வோம்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அன்றோ? வீட்டுக்காரர் விலை கூறும்போது, தாம் செலவிட்ட தொகையையும், தமக்குத் தேவையான தொகையையும், அந்த வீட்டில் வாழ்ந்த வாழ்வையும் ஒன்றாகக் கூட்டிவிடுகிறார். வாங்குபவர் இவற்றுள் எதற்கும் பணம் தருவதில்லை. இதே தொகைக்கு இவ்வூரில் வேறெந்த வீடு கிடைக்கும் என்று ஒப்புநோக்குவதே அவர் செயல். பழைய செலவுக் கணக்கு இன்று பயன்படுவதும் இல்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் ஆண்டுப் பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆக உயர்ந்தது. அதற்கு முன் வாங்கிய சீமெந்தின் விலையை வைத்து இன்றைய வீட்டை மதிப்பிடுதல் இயலாது.

இனி, நிலத்தை நோக்குவோம். கல்லடி ஒரு புறம் வாவியும் மறுபுறம் கடலுமாக நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலம். 1924 இல் திறக்கப்பட்ட ஒடுங்கிய இரும்புப் பாலமே நெடுங்காலம் அதனை நகருடன் இணைத்தது. 2013 இல் யப்பானிய உதவியுடன் அகன்ற புதிய பாலம் திறக்கப்பட்டது. எனவே, பெருந்தெருவுக்கும் பாலத்திற்கும் அண்மையிலுள்ள காணிக்குத் தனி மதிப்புண்டு. கடலோரக் காணிக்கோ வேறொரு கணக்கும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வூரைத் தாக்கியது. "இங்கே தண்ணீர் வந்ததா?" என்று வாங்குபவர் கேட்பார், உண்மையைச் சொல்லிவிடுவதே முறை. அயலார் அனைவரும் அறிந்ததை மறைத்து விலையைக் காக்க முடியாது. மேலும், 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கடலிலிருந்து உள்நோக்கி 300 மீட்டர் வரையுள்ள நிலத்தைக் கரையோர வலயத்துள் அடக்குகிறது. அங்கே கட்டட வேலை செய்ய அனுமதி வேண்டும் என்பதும் விலையைப் பாதிக்கும். கிணற்று நீர் நன்னீரா உவர்நீரா என்பதையும் வாங்குபவர் சுவைத்தே பார்ப்பார்.

நிலத்திற்கு அடுத்தது உறுதி. மட்டக்களப்பில் வீடு மகளுக்குச் சீதனமாக எழுதப்படுவது வழக்கம். பெற்றோர் தமக்குச் சீவிய உரித்தை ஒதுக்கி எழுதியிருப்பின், அவர்களும் ஒப்பமிட்டாலன்றி வாங்குபவருக்கு முழு உரிமை சேராது. சகோதரர் பலருக்குப் பங்குள்ள காணியிலும், அவருள் ஒருவர் வெளிநாட்டில் இருப்பின் இத்தகைய தடையே நேரும். வங்கிக் கடன் பெற்று வாங்குபவருக்கு உறுதியும் அளவைப் படமும் குறைவின்றி இருத்தல் வேண்டும். உறுதியில் சிக்கல் இருந்தால் கையிற் காசுள்ளவர் மட்டுமே வாங்க வருவர். வருவோர் தொகை சுருங்கினால் விலையும் சுருங்கும். ஆதலால், விலை பேசுமுன் நொத்தாரிசிடம் உறுதியைக் காட்டித் திருத்திக்கொள்ளும் செலவு வீண் செலவன்று.

இவற்றையெல்லாம் தொகையாக மாற்றுவது எப்படி? அயலிலே அண்மையில் விற்கப்பட்ட வீடுகள் உண்மையில் எவ்விலைக்குப் போயின என்பதை அறிக. கேட்ட விலை வேறு, கிடைத்த விலை வேறு. முத்திரைத் தீர்வையைக் குறைக்கக் கருதி உறுதியிற் சிலர் குறைத்து எழுதுவதும் உண்டு. ஆகையால் அத்தொகையை மட்டும் நம்பற்க. வங்கிகளுக்கு மதிப்பீடு செய்யும் மதிப்பீட்டாளர் ஒருவரின் கருத்தையும் பெறுதல் நன்று.

கணக்கின் முறையை விளக்க ஓர் உதாரணம் கற்பிப்போம். பக்கத்து ஒழுங்கையில் 15 பேர்ச் காணியுள்ள வீடு 150 இலட்சத்திற்கு விற்கப்பட்டது என்க. இன்று அத்தகைய கட்டடம் எழுப்பும் செலவிலிருந்து பழமைக்கான தேய்வைக் கழித்தால், அதன் பெறுமதி 60 இலட்சம். எஞ்சிய 90 இலட்சமும் காணியின் விலை. ஒரு பேர்ச் 6 இலட்சமாகிறது. உங்கள் காணி 20 பேர்ச், கட்டடம் 50 இலட்சம் பெறுமாயின், மொத்தம் 170 இலட்சம். இதில் தெருவின் அகலம், நிலத்தின் மேடுபள்ளம், கடலின் தூரம் ஆகியவற்றுக்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்க.

இவ்வாறு பெற்ற தொகையே கிடைக்கக்கூடிய விலை. கூறும் விலை அதனினும் நூற்றுக்கு ஐந்து அளவில் உயர்ந்திருக்கலாம். வாங்குபவர் குறைத்துக் கேட்பது நம் வழக்கமன்றோ? இதற்குக் கீழே இறங்குவதில்லை என்னும் தொகையையும் முன்னரே குடும்பத்தார் கூடி முடிவு செய்து, தமக்குள்ளே வைத்துக்கொள்க. தரகர் அறியவேண்டியது கூறும் விலை மட்டுமே. அண்ணன் ஒரு விலையும் தங்கை ஒரு விலையும் கூறும் வீட்டில், கேட்பவர் குறைந்ததையே பிடித்துக்கொள்வார்.

முதல் வாரத்திலேயே பலர் முழு விலைக்கு இசைந்து வந்தால் விலை குறைவென்று அறிக. மூன்று மாதமாகியும் எவரும் பேச வாராவிடின் விலை மிகுதி. தயங்காது குறைத்தல் வேண்டும். நெடுநாள் விற்காத வீட்டைப் பற்றி, "ஏதோ குறையுண்டு" என்னும் பேச்சு ஊரில் எழுந்துவிட்டால், பின்னர் எவ்வளவு குறைத்தாலும் அப்பேச்சு எளிதில் மறையாது. நினைவுகளுக்கு விலை இல்லை. நிலத்திற்கும் சுவருக்கும் உறுதிக்குமே விலை உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிந்து விலை கூறுபவர் விற்ற பின்னர் வருந்தமாட்டார்.