கிளம்பாத டிராக்டர்: குறையைக் கண்டறியும் முறை

மழை பெய்து நிலம் பதமாக இருக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் டிராக்டர் கிளம்ப மறுக்குமாயின், ஒருவரது உழவு மட்டுமன்றி, அதே யந்திரத்தை முறை வைத்து வாடகைக்குப் பெறக் காத்திருக்கும் மற்ற அங்கத்தினர்களின் உழவும் தடைப்படுகிறது. அவசரத்தில் நல்ல பேட்டரியை மாற்றுவோரும் உண்டு. குறுக்கு வழியில் யந்திரத்தைக் கிளப்ப முயன்று உயிருக்கே தீங்கு தேடிக்கொள்வோரும் உண்டு. வரிசை தவறாமல் சோதித்தால் இவ்விரண்டையும் தவிர்க்கலாம்.

தறியில் துணி சரியாக விழாவிட்டால் நெசவாளர் இழை அறுந்த இடத்தைத் தேடுவாரேயன்றி, தறியைப் பிரித்துப் போடமாட்டார். டிராக்டருக்கும் அதுவே முறை. சாவியைத் திருப்பும்போது எஞ்சின் சுழலவேயில்லையா, அல்லது சுழன்றும் பற்றவில்லையா என்பதை முதலில் அறிதல் வேண்டும். சுழலாவிட்டால் குறை பெரும்பாலும் மின்சார வழியில் இருக்கும். சுழன்றும் பற்றாவிட்டால் டீசல் வழியில் தேட வேண்டும்.

எதற்கும் முன்னதாக, ஆசனத்தில் அமர்ந்து சிலவற்றைப் பார்த்துக்கொள்க. பிரேக் பூட்டப்பட்டிருக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். பி.டி.ஓ. நெம்புகோல் விடுபட்டிருக்க வேண்டும். கிளச்சை முழுதும் மிதிக்க வேண்டும். கிளச்சு மிதிக்கப்படாமலோ கியர் நியூட்ரலுக்கு வராமலோ ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் செல்லாதபடி பல டிராக்டர்களில் பாதுகாப்பு சுவிட்சு அமைத்துள்ளனர். எஞ்சினை நிறுத்த இழுத்த கம்பி மீண்டும் உள்ளே தள்ளப்பட்டுள்ளதா, டாங்கியில் டீசல் உள்ளதா, அதன் குழாய் திறந்துள்ளதா என்பவற்றையும் காண்க.

இனி, எஞ்சின் சுழலாதபோது முன்விளக்கைப் போட்டுப் பார்க்கவும். விளக்கு எரியவே இல்லையெனில் பியூஸையும் பேட்டரி முனைகளையும் சோதிக்க வேண்டும். மங்கலாக எரிந்து, சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக்’ என்னும் ஓசையுடன் அணைவது போலாயின், பேட்டரி வலுவிழந்திருக்கிறது அல்லது முனை தளர்ந்திருக்கிறது. விளக்கு பிரகாசமாக எரிந்தும் ஓசையே எழாவிடில், பாதுகாப்பு சுவிட்சு, சாவி சுவிட்சு, இவற்றின் கம்பிகள் ஆகியவற்றில் குறை இருக்கலாம். விளக்கு பிரகாசமாக இருந்து, ஒரே ஒரு பலத்த ‘டக்’ மட்டும் கேட்குமாயின், ஸ்டார்ட்டரையோ அதனுடன் இணைந்த சோலினாய்டையோ மெக்கானிக்கிடம் காட்டுவதே முறை.

12 வோல்ட் பேட்டரி முழு மின்னேற்றத்துடன் ஓய்வில் இருக்கையில் மீட்டர் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கும் குறைந்தால் மின்னேற்றம் செய்தல் அவசியம். முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ படிந்திருப்பது மின்சாரத்தைத் தடுக்கும். எதிர் முனையின் கம்பியை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, உலர்ந்தபின் இறுக்கி, வாசலைன் தடவுக. எதிர் முனையைக் கடைசியில் மாட்டுக. பேட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வெளிப்படுமாதலால் அருகில் பீடியோ தீக்குச்சியோ கூடாது.

எஞ்சின் சுழன்றும் பற்றாததன் காரணத்தை அறிய, அதன் இயல்பைச் சிறிது தெரிந்துகொள்ளல் நலம். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்று பலமாக அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது. அச்சூட்டில் டீசல் தூவப்படும்போது பற்றுகிறது. ஆகவே சுழற்சி மந்தமாயின் சூடு போதாது. இங்கும் பேட்டரியே காரணமாகலாம். சுழற்சி வேகமாக இருந்தும் பற்றாவிடில் புகைக்குழாயைக் கவனிக்கவும். வெண்புகை வந்தால் டீசல் சென்றும் எரியவில்லை என்று பொருள். புகையே இல்லையெனில் டீசல் போய்ச் சேரவில்லை.

டாங்கி வற்றியபின் டீசல் ஊற்றினாலும், வடிகட்டியை மாற்றினாலும் குழாய்களில் காற்று புகுந்துவிடும். பம்பு காற்றையே அழுத்திக்கொண்டிருக்க, டீசல் முன்னேறாது. இதனை நீக்குவதையே மெக்கானிக்குகள் ‘ஏர் எடுத்தல்’ என்பர். வடிகட்டியின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அடிக்க வேண்டும். நுரையும் குமிழியும் நின்று தெளிந்த டீசல் வழியும்போது, பம்பை அடித்துக்கொண்டே திருகை இறுக்குக. வடிகட்டியின் அடியில் நீர் தங்கியிருப்பின் அதனையும் வடித்துவிடுக. இன்ஜெக்டருக்குச் செல்லும் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தல் ஆகாது. அழுத்தம் மிகுந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்.

ஸ்டார்ட்டரை ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் இயக்காமல், ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மீண்டும் முயல்க. இடைவிடாது இயக்கினால் ஸ்டார்ட்டரும் சூடேறிக் கெடும், பேட்டரியும் வற்றும்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. கீழே நின்றுகொண்டு ஸ்டார்ட்டரின் இரு முனைகளைத் திருப்புளியால் இணைத்து எஞ்சினைக் கிளப்பும் வழக்கம் ஆங்காங்கே காணப்படுகிறது. இதில் மின்சாரம் பாதுகாப்பு சுவிட்சைக் கடந்து நேரே பாய்கிறது. கியர் விழுந்திருப்பின் எஞ்சின் கிளம்பிய அக்கணமே டிராக்டர் நகரும். இணைப்பவரோ பெரிய சக்கரத்தின் முன்னாலேயே நிற்கிறார், விலக நேரமிராது. இவ்விதம் பல நாடுகளில் உழவர்கள் மாண்டிருக்கின்றனர். பாதுகாப்பு சுவிட்சு கெட்டுவிட்டதென்று அதன் கம்பிகளை நிரந்தரமாக இணைத்துவிடுவதும் இதே ஆபத்தையே தரும். சுவிட்சை மாற்றும் செலவு ஓர் உயிருக்கு ஈடாகாது. எஞ்சினை ஆசனத்தில் அமர்ந்து மட்டுமே கிளப்புக.

இவ்வளவும் பார்த்தபின்னரும் யந்திரம் கிளம்பாவிடில், டீசல் பம்பையும் இன்ஜெக்டரையும் தாமே பிரிக்காமல் மெக்கானிக்கை அழைப்பதே சிக்கனம். விளக்கு எரிந்ததா, என்ன ஓசை கேட்டது, புகை வந்ததா என்னும் மூன்றையும் அவரிடம் கூறினால் வேலை விரைவில் முடியும். சங்கத்தின் டிராக்டரை வாடகைக்கு எடுக்கும் அங்கத்தினர்கள், கண்ட குறையையும் செய்த பழுதையும் தேதியுடன் வாடகைப் புத்தகத்தில் எழுதிவைப்பார்களாயின், அடுத்து எடுப்பவர் அதே குறையை முதலிலிருந்து தேடவேண்டியிராது.