உஷார்! புள்ளி மறைந்ததும் வலையை எடுக்காதீர்கள்

வெள்ளைப் புள்ளி விழுந்த கடல் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, மருந்தும் போட்டாயிற்று. நாலாம் நாள் போய்ப் பார்த்தால் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. இரை போட்டால் பாய்ந்து வருகிறது. ‘அப்பாடா, பிழைச்சிருச்சு’ என்று வலையைத் தேடுகிறீர்களா? கீழே வையுங்கள் அதை!

கடல் மீனுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகேரியன் இரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணி. மீனின் தோலிலும் செவுளிலும் புகுந்துகொண்டு மூன்று முதல் ஏழு நாள்வரை தின்று கொழுக்கும். நம் கண்ணுக்குத் தெரியும் புள்ளி அதுதான். கொழுத்தபின், பெரும்பாலும் இருட்டு நேரத்தில், தானாகவே மீனைவிட்டு இறங்கித் தொட்டியின் அடியிலோ குழாயிலோ ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். அதாவது, நீங்கள் எந்த மருந்தும் போடாமல் வேடிக்கை பார்த்தாலும் அந்தப் புள்ளி மறையத்தான் செய்யும். கூட்டுக்குள் அது ஒன்று இருநூறாகக்கூடப் பெருகும். பிறகு வெடித்து, அடுத்த மீனைத் தேடி நீந்திவரும்.

செம்பு மருந்து, கடைக்காரர் பாஷையில் ‘காப்பர்’, கொல்வது இந்த நீந்துகிற பருவத்தை மட்டும். தோலுக்கடியில் இருப்பதை அது தொடாது, கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது. சில கூடுகள் ஒரு வாரத்துக்குள் வெடித்துவிடும். 72 நாள் கழித்து வெடித்ததும் ஆய்வகத்தில் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் அனுபவசாலிகள் பெரிய தொட்டியை 76 நாள் மீனே இல்லாமல் காலியாகப் போடுகிறார்கள், தனித் தொட்டியில் மருந்தின் அளவை மூன்று வாரம் முதல் 30 நாள்வரை இறங்கவிடாமல் வைத்திருக்கிறார்கள். நாலாம் நாள் மீனைத் திருப்பி விடுகிறவர், பெரிய தொட்டியில் காத்திருக்கும் கூட்டத்துக்குச் சாப்பாடு கொண்டுபோய்ப் போடுகிறார். அவ்வளவுதான்.

சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டைக்காரர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அங்கே எத்தனையோ கம்பெனிகளில் வரவேற்பறையில் ஒரு மீன் தொட்டி இருக்கும். முதலாளிக்கு அது ராசி. பார்த்துக்கொள்கிற பொறுப்போ ஸ்டோர் கீப்பர் தலையிலோ சேஃப்டி சூப்பர்வைசர் தலையிலோ விழும். ‘அண்ணே, நீங்கதான் ஊர்ல மீனெல்லாம் வளர்த்தீங்களாமே’ என்ற ஒரே தகுதி போதும். ஊரில் வளர்த்தது நன்னீர் மீன். இங்கே கையில் கொடுத்திருப்பது ப்ளூ டாங்கும் கோமாளி மீனும். நோய் வந்தால் தனித் தொட்டி போய் உட்காருவது ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூமில்.

முதல் ஆபத்து குழாய்த் தண்ணீரிலேயே ஆரம்பிக்கிறது. சிங்கப்பூரின் முதல் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை 2005இல் துவாஸில்தான் திறந்தது. அங்கே கடலிலிருந்து உப்பை எடுத்துவிட்டுக் குழாயில் அனுப்புகிறார்கள். நாம் பாக்கெட் உப்பை வாங்கிவந்து திரும்பக் கலக்கிக் கடலாக்குகிறோம். வேடிக்கைதான், போகட்டும். கவனிக்க வேண்டியது, பொதுப் பயனீட்டுக் கழகமான பியூபி தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்ப்பது குளோரமின். ஊரில் செய்ததுபோல் வாளியில் பிடித்து ஓரிரவு வைத்தால் குளோரின் பறந்துவிடும், குளோரமின் பறக்காது. ஆன்டி குளோரின் ஊற்றியே ஆக வேண்டும். ஊற்றினால் குளோரமின் உடையும், உடைந்து அம்மோனியாவை விட்டுச்செல்லும். நன்னீரைவிடக் கடல்நீரின் பிஹெச் அதிகம், சுமார் 8.2. அந்த நிலையில், அதுவும் சிங்கப்பூர்ச் சூட்டில், அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு பல மடங்கு ஏறிவிடும். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாகத்தான் இருக்கும். மீன் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

இதைவிட மோசமான பொறி ஒன்று இருக்கிறது, தயவுசெய்து இதை இரண்டு தடவை படியுங்கள். அம்மோனியா ஏறிவிட்டது என்று பதறி, செம்பு மருந்து ஓடிக்கொண்டிருக்கும் தொட்டிக்குள் நேராக ஆன்டி குளோரினையோ அம்மோனியா கட்டுப்படுத்தும் திரவத்தையோ ஊற்றாதீர்கள். இவற்றில் பல, செம்பை வேதியியல்படி மாற்றி இன்னும் கொடிய நஞ்சாக்கிவிடும். செம்பு மருந்து தயாரிப்பாளர்களே எச்சரிக்கிற விஷயம் இது. புதுத் தண்ணீரைத் தனி வாளியில் பிடியுங்கள். அங்கேயே ஆன்டி குளோரின் போட்டு, உப்பு கலந்து, ஏர் பம்ப் ஓடவிட்டு, உப்பளவும் வெப்பமும் அம்மோனியாவும் பார்த்தபின், பழைய தண்ணீரை எடுத்துவிட்டு இதை ஊற்றுங்கள். எவ்வளவு தண்ணீரை மாற்றினீர்களோ அந்த அளவுக்கு மட்டும் செம்பைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

துவாஸ் யார்டில் வேலை பார்த்தவருக்குச் செம்பைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கப்பலின் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்கப் பூசும் பெயிண்டில் இருப்பது பெரும்பாலும் செம்புதான். டிபிடி என்ற ஆர்கனோடின் பெயிண்டை 2008இல் உலக அளவில் தடைசெய்தபின் செம்பின் ஆட்சி இன்னும் கூடியது. கடலில் வாழ்வதைக் கொல்வதற்கென்றே விற்கிற பொருள் அது. ஒட்டுண்ணி சாகிற அளவுக்கும் மீன் சாகிற அளவுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய கோடு.

அந்தக் கோடும் எல்லா பாட்டிலுக்கும் ஒன்றல்ல. சாதா காப்பர் சல்பேட் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம் செம்பு. சேர்மத்தில் கட்டி விற்கும் ‘சீலேட்டட்’ வகை என்றால் அதைப்போல் சுமார் பத்து மடங்கு, 2 மில்லிகிராமுக்கு மேலேகூடப் போகும். ஒரு நண்பர் சொன்ன அளவை வேறொரு பாட்டிலில் கடைப்பிடித்தால் காலையில் மீன் மிதக்கும். டெஸ்ட் கிட்டும் அப்படியே: சில கிட்டுகள் சீலேட்டட் செம்பைச் சரியாகக் காட்டாது. மருந்து வாங்கும்போதே அதற்குப் பொருந்தும் கிட்டைக் கேட்டு வாங்குங்கள். தினம் அளக்க முடியாது என்றால் செம்பையே தொடாதீர்கள். தொட்டியில் பவள மணலோ லைவ் ராக்கோ இருந்தால் அவை செம்பை உறிஞ்சிக்கொள்ளும்; ஊற்றியது ஒன்று, தண்ணீரில் இருப்பது வேறொன்று. ஆகவே அடியில் எதுவும் வேண்டாம். மீன் ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி முழங்கைக் குழாய் போதும். அது துவாஸில் கிடைக்காத பொருளா என்ன? ஆக்டிவேடட் கார்பனையும் வெளியே எடுத்துவிடுங்கள், மருந்தை அது இழுத்துவிடும்.

இனி, சனிக்கிழமை. மதியம் ஆபீஸ் பூட்டினால் ஏர்கான் நிற்கும். திங்கள் காலைவரை யாரும் வரமாட்டார்கள். அடைத்த அறையில் தண்ணீர் முப்பதைத் தாண்டும். 30 டிகிரிக் கடல்நீரில் கரையக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்குச் சுமார் 6 மில்லிகிராம்தான். அதே சூட்டில் நன்னீர் 7.5 வரை பிடிக்கும். செவுள் புண்பட்ட மீனுக்குக் கடல்நீரில் இருக்கும் அந்த ஆக்சிஜன் போதாது. சில்லர் இல்லாத தனித் தொட்டிக்கு ஏர்ஸ்டோன் இரண்டு, தண்ணீரின் மேல்பரப்பைக் கலக்கும் பம்ப் ஒன்று, எல்லாம் கட்டாயம். ஞாயிறு வந்து பார்க்க ஆள் இல்லையென்றால் தொட்டியை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

ஏர் பம்ப் எங்கிருந்து காற்றை இழுக்கிறது என்றும் பாருங்கள். பக்கத்தில் பெயிண்ட் ஸ்ப்ரே, தின்னர், வெல்டிங் புகை என்றால் அதையெல்லாம் உறிஞ்சித் தண்ணீரில்தான் குமிழியாக விடும். பூச்சிமருந்துப் புகை அடிக்க வருகிறார்கள் என்ற அறிவிப்பைப் பார்த்தாலும் பம்பை வேறு அறைக்கு மாற்றிக் குழாயை நீட்டிவிடுங்கள்.

எல்லாப் புள்ளியும் வெண்புள்ளி நோய் இல்லை. பொடிப் பொன்துகள் தூவினாற்போல் மங்கலாகத் தெரிந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கி, பம்பின் நீரோட்டத்துக்கு எதிரே முகத்தை வைத்து நின்றால் அது வெல்வெட் நோயாக இருக்கலாம். அமைலூடினியம் என்ற ஒட்டுண்ணி. பல சமயம் செவுளைத்தான் முதலில் பிடிக்கும், தோலில் எதுவும் தெரியுமுன்பே ஓரிரு நாளில் மீன் போய்விடும். இதற்கு மட்டும் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ கிடையாது. உப்பைக் குறைத்து வெண்புள்ளியை விரட்டும் முறை ஒன்று உண்டு. லிட்டருக்கு 35 கிராம் இருக்கும் உப்பை 15, 16 கிராமுக்கு இறக்கிச் சில வாரம் வைப்பார்கள். வெல்வெட்டுக்கு அது பலிக்காது. உப்பைக் குறைத்துக்கொண்டே செம்பையும் போடுகிற வீரர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். உப்புக் குறைந்த நீரில் செம்பின் நஞ்சு இன்னும் ஏறும். கோமாளி மீனின் உடம்பில் வழவழவென்று சளித்தோல் உரிந்தால் அது புரூக்ளினெல்லாவாக இருக்கலாம், அதற்குச் செம்பு உதவாது. ஃபார்மலின் கொடுப்பார்கள். ஃபார்மலினோ தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்னும்; அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. ஜன்னலில்லாத ஸ்டோர் ரூமில் அந்த பாட்டிலைத் திறக்காதீர்கள். மீன் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள்; மீன் அறுபது வெள்ளி, டாக்டருக்கு அதைவிட அதிகமா என்று கணக்குப் பார்க்கிறவர்கள், தொட்டியில் மிச்சமிருக்கும் மீன்களின் விலையையும் கூட்டிப் பார்க்கட்டும்.

வீட்டில் மிஞ்சிய மனித ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் போடுவது வேண்டவே வேண்டாம். வெண்புள்ளி ஒட்டுண்ணியை அது ஒன்றும் செய்யாது, வடிகட்டியில் அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடலாம்.

செகண்ட் லிங்க் பாலம் வழியாக ஜொகூரிலிருந்து மலிவாக மீன் வாங்கிவரும் யோசனை இருந்தால், முதலில் தேசியப் பூங்காக் கழகத்தின் (என்பார்க்ஸ்) விதிகளைப் படியுங்கள். கடல்குதிரை, பவளம் எல்லாம் உலக அளவில் வணிகக் கட்டுப்பாட்டில் இருப்பவை. துவாஸ் சோதனைச் சாவடியில் ‘தெரியாது சார்’ செல்லாது. நெரிசலில் காருக்குள் சூடேறிய பையில் மணிக்கணக்காகக் கிடந்த மீன், வீடு வரும்போதே பாதி நோயாளி. எங்கே வாங்கினாலும் சரி, சிராங்கூன் நார்த்தில் பெயரெடுத்த கடையாகவே இருந்தாலும் சரி, புது மீன் நேராகப் பெரிய தொட்டிக்குள் போகக் கூடாது.

வலை, வாளி, ஸ்பாஞ்ச் எல்லாம் தனித் தொட்டிக்குத் தனி. இரண்டு தொட்டிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள். வெல்வெட் ஒட்டுண்ணி குமிழி வெடித்துத் தெறிக்கும் நீர்த்திவலையில் ஏறித் தாவும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். செம்பு கலந்த தண்ணீரை வாசல் சாக்கடையில் கொட்டாதீர்கள். இங்கே மழைநீர்க் கால்வாய் நேரே நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோ போகும். கழிப்பறையில் கொட்டினால் கழிவுநீர் ஆலைக்குப் போகும். பிழைக்காது என்று தெரிந்த மீனைப் ‘பாவம், கடல்லயே விட்டுடலாம்’ என்று கொண்டுபோய் விடுவது குற்றம். நோயையும் சேர்த்துத்தான் விடுகிறீர்கள்.

கடைசியாக உங்கள் கை. யார்டு வேலை, ஒர்க்ஷாப் வேலை என்றால் விரலில் எப்போதும் ஒரு கீறல் இருக்கும். அந்தக் கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள், நீளமான கையுறை போடுங்கள். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி மீன் தொட்டித் தண்ணீரிலிருந்து காயம் வழியாக ஏறும். சில வாரம் கழித்து விரலிலோ புறங்கையிலோ ஆறாத கட்டியாக எழும்பும், ஆற மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். அப்படி ஒரு கட்டி வந்தால் கிளினிக்கில் முதல் வார்த்தையே ‘டாக்டர், நான் மீன் தொட்டி கழுவுறேன்’ என்பதாக இருக்கட்டும். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் வெல்டிங் காயம் என்று களிம்பு கொடுத்து அனுப்பிவிடலாம்.