கோபுரத்தின் எதிரே ஒரு முழுப் பகல்

கல்லூரி விடுமுறைக்கு நெருப்பெரிச்சலுக்கு வந்திருந்த ஓவிய மாணவி ஒருத்தி அண்மையில் என்னிடம் வந்தாள். பெற்றோர் இருவரும் பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவர்கள். ஏதேனும் ஒரு கட்டடத்தை ஆராய்ந்து, அதிலிருந்து ஆறு படைப்புகளை உருவாக்க வேண்டும் என்பது அவளுக்குத் தரப்பட்ட பணி. கைப்பேசியில் ஐரோப்பிய தேவாலயங்களின் படங்களைச் சேமித்து வைத்திருந்தாள். “நம்ம ஊர்ல வரையறதுக்கு என்னங்க மாமா இருக்குது?” என்றாள். இருபது ஆண்டுகளாகத் துணிகளுக்கு அச்சு வடிவமைப்பு செய்துவரும் எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்றது.

அவளிடம் சிவகுமாரைப் பற்றிச் சொன்னேன். நடிகராகவே பலரும் அறிந்த அவர், சூலூரை அடுத்த காசிகவுண்டன்புதூரில் பிறந்தவர். 1959இல் சென்னை ஓவியக் கல்லூரியில் சேர்ந்தவர். 1965இல் ‘காக்கும் கரங்கள்’ படத்தில் அறிமுகமாவதற்கு முந்தைய அந்த ஆண்டுகளில் மாமல்லபுரம், தஞ்சை, திருவண்ணாமலை, மதுரை என்று அலைந்து, கோயில்களின் எதிரே அமர்ந்து நேரில் பார்த்துத் தீட்டினார். அவை இன்றும் பேசப்படுகின்றன.

புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் என்ன குறை? புகைப்படம் ஒரு நொடியின் நிழலைத்தான் தரும். கோபுரத்தின் எதிரே பகல் முழுதும் அமர்பவருக்கு வெயில் நகர நகர அதன் கட்டமைப்பு தெரியவரும். மூலையில் சதுரமான கூடம், நடுவில் நீண்ட சாலை, இடையிடையே பஞ்சரம் எனச் சிறு கோயில் வடிவங்கள் ஒரு நிலையில் வரிசையாக நிற்கும். அடுத்த நிலையில் அதே வரிசை அளவு குறுகி மீண்டும் வரும். உயரம் படிப்படியாகக் குறைவதால் கோபுரம் உள்ளதைவிட உயர்ந்து தோன்றும். மீண்டும் வருவதும் மாறி வருவதும் சேர்ந்த இந்தக் கணக்கு, ஓவியருக்குக் கிடைக்கும் பெரும் பாடம்.

எங்கள் தொழிலில் இதற்கு ‘ரிப்பீட்’ என்று பெயர். ரோட்டரி அச்சு உருளையின் சுற்றளவு பெரும்பாலும் 64 செ.மீ. வரைந்த உருவின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் அந்த அளவுக்குள் ஒட்டுத் தெரியாமல் இணைய வேண்டும். ஆல் ஓவர் பிரிண்ட் போடும் எவரும் இதில் தடுமாறியிருப்பார்கள், நான் உட்பட. டச்சு ஓவியர் எஷர் கட்டடக் கலை படிக்கச் சேர்ந்து வரைகலைக்கு மாறியவர். ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு 1922இலும் 1936இலும் சென்று, அதன் சுவரோடுகளின் கோலங்களைப் படியெடுத்தார். பறவையும் மீனும் பல்லியும் இடைவெளியின்றிப் பிணையும் அவருடைய புகழ்பெற்ற படங்களுக்கு அந்தச் சுவர்கள் பெரும் தூண்டுதல்.

அல்ஹம்ப்ராவுக்குப் போக முடியாது; திருமுருகன்பூண்டிக்குப் போகலாம். சுந்தரர் பாடிய கோயிலைவிட, சாலையோரச் சிற்பக்கூடங்கள்தாம் அவளை நிறுத்திவைத்தன. பாதி செதுக்கிய நந்தியில் முதலில் தெரிவது மாடன்று, கட்டங்களும் கோடுகளும்தான். அவற்றிலிருந்து வளைவு எப்படிப் பிறக்கிறது என்பதை அங்கே நின்றே வரைந்துகொண்டாள். முழுமை பெற்ற சிலை இதைக் காட்டாது.

நான் படித்த பள்ளியில் ஓவிய வகுப்பு என்றால் அட்டைப் படத்தைப் பார்த்து வரைவதுதான். ஒருநாளும் எங்களை வெளியே அழைத்துச் சென்றதில்லை. அதன் விலையை இன்றும் கொடுக்கிறோம் என்றே எண்ணுகிறேன். என் மேசைக்கு வரும் வடிவங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு பையர் அனுப்பும் கோப்புகள். நிறத்தைப் பிரிப்பதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. தைத்ததற்கும் அச்சிட்டதற்கும் இங்கே கூலி கிடைக்கிறது. வடிவத்துக்கான மதிப்பு அதை வரைந்த ஊரிலேயே தங்கிவிடுகிறது.

அவளுடைய ஆறு படங்களில் நான்கு கோயிலிலிருந்தும் சிற்பக்கூடங்களிலிருந்தும் வந்தவை. மற்ற இரண்டும் அவள் குடியிருக்கும் லைன் வீடுகள்: ஒரே அளவில் பத்துக் கதவுகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு குடம், எந்தக் குடமும் மற்றொன்றைப் போல் நிற்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த அவள் தந்தை அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு, “இதைத் துணியில போட்டா எத்தனை ஸ்கிரீன் வரும்?” என்று கேட்டார்.

“மூணுதாங்கப்பா” என்றாள்.